வாரத்துக்கு இரண்டு டியூப்: பல்செட் பசையும் செம்புக் குறைவும்

நிகழ்வு

2008-ல் ‘நியூராலஜி’ இதழில் நான்கு நோயாளிகளைப் பற்றிய ஓர் அறிக்கை வெளியானது. எழுதியவர்கள் அமெரிக்காவின் டல்லஸில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழக சவுத்வெஸ்டர்ன் மருத்துவ மையத்தின் நரம்பியல் மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தினரும். நான்கு பேருக்கும் நரம்புக் கோளாறு. நான்கு பேருக்கும் ரத்தத்தில் செம்பு குறைவு, துத்தநாகம் அதிகம். நான்கு பேரும் பல்செட் அணிந்தவர்கள். அதை ஒட்ட வைக்கும் கிரீமை ஆண்டுக்கணக்கில், குறைந்தது வாரத்துக்கு இரண்டு டியூப் வீதம் பயன்படுத்தியவர்கள். டியூப் ஒன்று 68 கிராம்.

அவர்கள் பயன்படுத்திய கிரீம்களை ஆய்வுக்கூடத்தில் பரிசோதித்தபோது, ஒரு கிராமுக்குச் சுமார் 17 முதல் 34 மி.கி. வரை துத்தநாகம் இருந்தது. ஃபிக்ஸோடென்ட், பாலிகிரிப் என்ற இரண்டு பெயர்களும் அறிக்கையில் உள்ளன. வேறு எந்த வழியிலும் துத்தநாகம் உள்ளே போனதாகத் தெரியவில்லை. கிரீமை விட்ட பிறகு மூன்று பேருக்கு ரத்தத்தில் துத்தநாக அளவு குறைந்தது. கிரீமை நிறுத்திச் செம்பும் எடுத்துக்கொண்டவர்களில் இரண்டு பேருக்கு நரம்புக் கோளாறு கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

இந்த நோய் புதிதல்ல, மூலம்தான் தெரியாமல் இருந்தது. 2003-லேயே செம்புக் குறைவால் தண்டுவடமும் நரம்பும் ரத்த அணுக்களும் கெட்ட நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ‘மூலம் தெரியாத துத்தநாக மிகுதி’ என்று அதன் தலைப்பே சொன்னது. அதன் இரண்டாம் பாகம் 2009-ல் வந்தது. பல்செட் கிரீம்தான் முதன்மையான மூலம் என்று அதன் தலைப்பில் விடையும் இருந்தது. இடையில் போன ஆறு ஆண்டுகளுக்குக் காரணம் எளியது. ‘என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டால் யாரும் பல்செட் பசையைச் சொல்ல மாட்டார்கள். அது மருந்தும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் வாயில் கரைகிற பசை தொண்டை வழியாகத்தான் போயாக வேண்டும்.

கணக்கு

வாரத்துக்கு இரண்டு டியூப் என்றால் 136 கிராம், ஒரு நாளைக்கு 19.4 கிராம். கிராமுக்கு 17 மி.கி. என்றால் தினமும் 330 மி.கி. துத்தநாகம், 34 மி.கி. என்றால் 660 மி.கி. உடலுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது பெண்ணுக்கு 8, ஆணுக்கு 11 மி.கி. பெரியவர்களுக்கு அமெரிக்க ஊட்டச்சத்து வாரியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 40 மி.கி.

வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. கல்லீரலிலும் மூளையிலும் செம்பு சேர்ந்துகொண்டே போகும். உணவிலிருந்து செம்பு ஏறாமல் தடுக்க அதற்குத் துத்தநாகத்தையே மருந்தாகக் கொடுக்கிறார்கள்: பெரியவர்களுக்கு வேளைக்கு 50 மி.கி. வீதம் மூன்று வேளை, நாளைக்கு 150 மி.கி. செம்பைத் தடுக்கவென்றே கொடுக்கும் அளவைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு, செம்பு குறையவே கூடாத ஒருவரின் வாய்க்குள் பல்செட் வழியாகப் போயிருக்கிறது. அப்படிப் பார்த்தால் இந்த நான்கு பேருக்கும் நோய் வந்ததில் புதிர் ஏதும் இல்லை.

சரியான அளவில் போடுபவரின் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மேல், கீழ் இரண்டு பல்செட்டும் அணிபவருக்கு 68 கிராம் டியூப் ஒன்று ஏழிலிருந்து எட்டு வாரம் வர வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. சொல்லும் அளவு. அதாவது நாளைக்கு 1.2 முதல் 1.4 கிராம். மேற்சொன்ன கிரீம்களில் அதற்குள் இருக்கும் துத்தநாகம் 20 முதல் 48 மி.கி. அதில் ஒரு பங்கு கழுவும்போது சாக்கடைக்குப் போய்விடும். ஆகவே சரியாகப் போடுபவருக்கு ஆபத்து அநேகமாக இல்லை. ஆனால் வரம்புக்கும் பயன்பாட்டுக்கும் நடுவே விசாலமான இடமும் இல்லை. கூடவே தினம் 50 மி.கி. ஜிங்க் (துத்தநாக) மாத்திரை போட்டால் மாத்திரை மட்டுமே வரம்பைத் தாண்டிவிடும்.

பசைக்குள் துத்தநாகம் ஏன் வந்தது

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் எந்த வகைப் பசை எவ்வளவு நேரம் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்பதும் சேர்ந்தே விளங்கும்.

பல்செட் பசை ஃபெவிக்கால் போல இரண்டு பரப்புகளைக் காய்ந்து ஒட்டுவதில்லை. அது தண்ணீரை உறிஞ்சி ஊதும். பல்செட்டுக்கும் ஈறுக்கும் இடையில் உள்ள காற்றை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தை நிரப்பும். எச்சிலைவிடப் பல மடங்கு கெட்டியான ஒரு படலமாக நிற்கும். பல்செட்டை எடுக்க வேண்டுமானால் அந்தக் கெட்டியான படலத்தைப் பிரிக்க வேண்டும், பிடிப்பு என்பது அந்தத் தடைதான். ஆகவே எந்தப் பசையிடமும் கேட்க வேண்டியவை இரண்டு: எவ்வளவு சீக்கிரம் ஊதுகிறது, எவ்வளவு மெதுவாகக் கரைகிறது. ஒரே பொருள் இரண்டையும் செய்வது அரிது.

பழைய பவுடர்கள் மரப்பிசின்கள். காரயா, டிராககாந்த், அரபிப் பிசின். காரயாவுக்கும் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆந்திரக் காடுகளில் பழங்குடியினர் மரத்தைக் கீறி எடுத்துவரும் பிசின் அது, விசாகப்பட்டினத்தில் உள்ள கிரிஜன் கூட்டுறவுக் கழகம் வாங்கி விற்கிறது. காரயா நன்றாக ஊதும், ஆனால் சூடான காபி பட்டால் சீக்கிரம் கரையும். அதிலிருந்து அசிட்டிக் அமிலம் கசிவதால் லேசான வினிகர் வாசனை வரும், புளிப்புத் தன்மையும் உண்டு. வாயில் ஒரு பல்கூட இல்லாதவருக்கு அது பெரிய தொல்லை இல்லை. சொந்தப் பல் நாலைந்து மீதம் இருந்து பகுதிப் பல்செட் போடுபவருக்கு எனாமல் அரிக்கும். ஒவ்வாமையும் சிலருக்கு வந்திருக்கிறது. இன்று காரயா மட்டுமே உள்ள பவுடரை வாங்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

பிறகு வந்தது சோடியம் கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ், சுருக்கமாக சி.எம்.சி. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்குகிற அதே பொருள். எச்சில் பட்ட சில நிமிடங்களிலேயே ஊதிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே வேகத்தில் தண்ணீரை இழுத்து இளகவும் செய்யும். சி.எம்.சி. மட்டும் உள்ள பசை காலை இட்லிக்குப் பிடிக்கும், மதியச் சாப்பாட்டுக்கு நம்ப முடியாது.

நீண்ட நேரப் பிடிப்பைக் கொடுத்தது பாலிமெதில்வினைல் ஈதர்–மெலியிக் அன்ஹைட்ரைடு என்ற செயற்கைப் பாலிமர், பி.வி.எம்.-எம்.ஏ. என்று சொல்வார்கள். இதன் சங்கிலிகளில் அமிலக் கைகள் உண்டு. இரட்டை மின்னேற்றம் உள்ள உலோக அயனி ஒன்று நடுவில் வந்தால், பக்கத்துச் சங்கிலிகளின் கைகளைச் சேர்த்துப் பிடிக்கும். ஊதுவது மெதுவாகும், கரைவதும் மெதுவாகும், படலத்தின் உட்பிடிப்பு கூடும். கால்சியமும் துத்தநாகமும் சேர்ந்த உப்பு இந்த வேலையைச் சிறப்பாகச் செய்தது. ஆகவே துத்தநாகம் கலப்படமாக வரவில்லை, நாள் முழுக்கப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே சேர்த்த சரக்கு. பின்னால் அதை எடுத்துவிட்டுக் கால்சியம், சோடியம், மக்னீசிய உப்புகளை வைத்தே கிரீம் செய்யத் தொடங்கினார்கள்.

இன்றைய கிரீம் பெரும்பாலும் இந்த இரண்டின் கூட்டு. போட்ட உடனே சி.எம்.சி. பிடிக்கும், அது இளகும் நேரத்தில் பி.வி.எம்.-எம்.ஏ. பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் பெட்ரோலியம் ஜெல்லியிலும் கனிம எண்ணெயிலும் குழைத்திருப்பார்கள். எண்ணெய்த் தளம் எச்சில் உள்ளே புகுவதைத் தாமதிக்கிறது. கிரீம் பவுடரைவிட அதிக நேரம் நிற்பதற்கும், கழுவும்போது ஈறைவிட்டு வராமல் படுத்துவதற்கும் ஒரே காரணம் அதுதான்.

பவுடரின் நேரம் குறைவு. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு: தடிமனாகப் போடவே முடியாது. ஈரமான பல்செட்டில் தூவி, தலைகீழாகத் தட்டினால் ஒட்டியது மட்டும் நிற்கும், மீதி உதிர்ந்துவிடும். ஓரளவு நன்றாகப் பொருந்தும் பல்செட்டுக்கு, விசேஷ வீட்டில் பேசும்போதும் சாப்பிடும்போதும் தைரியம் வேண்டும் என்பவருக்கு, பவுடரே போதும். காசும் மிச்சம், சுத்தம் செய்வதும் சுலபம். கிரீம் என்றால் உயர்வு, பவுடர் என்றால் மட்டம் என்று எண்ணுவது தவறு.

துணி போன்ற பட்டைகள் மூன்றாவது வகை. அவற்றின் துணி கரையாது, அதில் ஏற்றியுள்ள ஆல்ஜினேட்டோ எத்திலீன் ஆக்ஸைடு பாலிமரோ தண்ணீர் பட்டதும் வழவழப்பாகிப் பிடிக்கும். கீழ்த் தாடையில் ஈறு நோகிறவருக்கு மெத்தை போல இதமாக இருக்கும். குறை, துணிக்கு ஒரு கனம் உண்டு என்பது. பல்செட் அதன் சரியான இடத்தில் உட்காராமல் சற்று உயர்ந்து நிற்கும், கடி மாறும். மடிந்து போட்டால் மடிப்பு விழுந்த இடத்தில் எலும்புமீது அழுத்தம் குவியும். ஒரு பட்டை ஒரு நாளைக்குத்தான். ஜப்பானில் கடைகளில் கிடைக்கும் மெத்தை வகைப் பசை இன்னொரு தனி ரகம். பாலிவினைல் அசிடேட்டை ஆல்கஹாலில் இளக்கியது, தண்ணீரில் கரையாது. பசைகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 10873 ஒட்டும் வகையை முதல் ரகம் என்றும், அதற்குள் பவுடர், கிரீம், தாள் என மூன்று பிரிவாகவும் வைத்து, இந்த மெத்தை வகையை இரண்டாம் ரகமாகத் தள்ளி வைக்கிறது. அப்படிப் பிரித்தது நியாயம்தான். மெத்தை வகை உண்மையில் பசையே அல்ல, பல்செட்டின் உட்புறத்தை நோயாளி தானே மாற்றிக்கொள்வது. அளவு எடுக்காமல், கடி பார்க்காமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எது சிறந்தது? மருத்துவர்கள் பிடிப்பை அளக்கக் கபூர் என்ற ஆய்வாளர் 1967-ல் வகுத்த மதிப்பெண் முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பிடிப்புக்கு 0 முதல் 3, ஆடாமல் நிற்பதற்கு 0 முதல் 2. பல்செட் கழன்று வரும்வரை கடிக்கும் விசையையும் கருவி வைத்து அளப்பார்கள். இவற்றில் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகும் முடிவு ஒன்றுதான்: பசை போடாததைவிடப் போட்டது மேல், சரியாகப் பொருந்தும் பல்செட்டிலும்கூட. கிரீமா, பவுடரா, பட்டையா என்று வரிசைப்படுத்தும்போது ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. மாறத்தான் செய்யும், ஏனென்றால் பிடிப்பைத் தீர்மானிப்பதில் பசையின் பெயரைவிட அது நிரப்பும் இடைவெளிக்குப் பங்கு அதிகம்.

இடைவெளி

மெல்லிய திரவப் படலத்தால் ஒட்டியிருக்கும் இரண்டு தட்டுகளைப் பிரிக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதற்கு ஸ்டீஃபன் என்ற ஆஸ்திரிய இயற்பியலாளர் 19-ம் நூற்றாண்டில் ஒரு விதி கண்டார். விசை திரவத்தின் கெட்டித் தன்மைக்கு ஏற்பக் கூடும். தட்டின் ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். படலத்தின் தடிமனின் மூன்றாம் படிக்கு ஏற்பக் குறையும். பல்செட் தட்டையான வட்டத் தட்டு இல்லை. ஆனாலும் இந்த விதி காட்டும் திசை சரியானது. தடிமன் இரட்டித்தால் பிடிப்பு எட்டில் ஒன்றாகிவிடும். ‘பிடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம் கிரீம் போடுவோம்’ என்பது ஏன் பலிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. கூடுதல் கிரீம் படலத்தைத் தடிமனாக்கும், பல்செட்டை மிதக்க வைக்கும், ஓரம் வழியாகப் பிதுங்கி வாய்க்குள் போகும்.

கீழ்ப் பல்செட் ஏன் எப்போதும் படுத்துகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. மேலே அண்ணம் முழுக்க மூடி, சுமார் 23 சதுர செ.மீ. பரப்பில் உட்காருகிறது. கீழே நாக்குக்கு இடம் விட்டுக் குதிரை லாடம் போல வளைந்த பரப்பு, 12 சதுர செ.மீ. அளவுக்குத்தான். அதற்கு மேல் நாக்கும் கன்னமும் இடித்துக்கொண்டே இருக்கும்.

பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும். முதல் ஆண்டில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். டால்கிரென் என்ற ஆய்வாளர் நோயாளிகளை 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 1972-ல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடையின் எலும்பு மேடு மேல்தாடையதைப் போல நான்கு மடங்கு குறைந்திருந்தது. பல்செட் மாறுவதில்லை, அது உட்கார்ந்த மேடு தேய்கிறது. இடையில் இடைவெளி வளர்கிறது.

இப்போது டல்லஸ் நோயாளிகளின் 19.4 கிராமைத் திரும்பப் பார்க்கலாம். மேலும் கீழும் சேர்ந்து 35 சதுர செ.மீ. அதில் 1 மி.மீ. இடைவெளியை நிரப்ப 3.5 கன செ.மீ. பசை வேண்டும், ஏறக்குறைய மூன்றரை கிராம். 19.4 கிராமை நாளைக்கு நான்கு முறை போட்டதாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் 4.85 கிராம், அதாவது 1.4 மி.மீ. தடிமன். இது நம் தோராயக் கணக்குதான், பசை ஊதுவதையும் பிதுங்கி வீணாவதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் படம் தெளிவாக இருக்கிறது. எஃப்.டி.ஏ. சொல்லும் நாளைக்கு 1.3 கிராமை அதே பரப்பில் ஒரே முறை பரப்பினால் அரை மி.மீ.கூட வராது. வாரத்துக்கு இரண்டு டியூப் என்பதை வெறும் பழக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பல்செட் பல ஆண்டுகளுக்கு முன்பே மாற்றப்பட்டிருக்க வேண்டியது என்பதற்கு அது கிராம் கணக்கில் கிடைக்கும் ஆதாரம். 2009 அறிக்கையின் நோயாளிகளும் பல் நிலை மிக மோசமாக இருந்து, நீண்ட காலம் பெருமளவு கிரீம் போட்டவர்கள்தான்.

உடலுக்குள் நடந்தது

குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்குத் துத்தநாகம் மிகுதியாக வந்து சேர்ந்தால், அவை மெட்டலோதயோனின் என்ற புரதத்தை அதிகமாக உண்டாக்கும். அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடிக்கும். உணவில் வந்த செம்பு அந்த அணுவுக்குள்ளேயே சிறைப்பட்டு, சில நாளில் அணு உதிரும்போது மலத்தோடு போய்விடும். உடலுக்கு நாளைக்கு 0.9 மி.கி. செம்பு போதும், அதுவும் ஏறாது.

பெரும்பாலும் முதலில் ரத்தம் காட்டும்: ரத்தசோகை, வெள்ளையணு குறைவு. எலும்பு மஜ்ஜையைப் பார்த்தால் மயலோடிஸ்பிளேசியா (மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாத நோய்) போலத் தோன்றும், அந்தப் பெயரை வைத்து வேறு திசையில் போய்விடுவதும் உண்டு. பிறகு தண்டுவடத்தின் பின்பகுதி. பாதம் மரத்துப்போகும், இருட்டில் நடை தள்ளாடும், கால் விறைக்கும். பி-12 குறைவில் வருவது அச்சாக இப்படித்தான் இருக்கும். ஆகவே பி-12 சரியாக இருந்தும் அந்த அறிகுறிகள் இருந்தால் செம்பையும் துத்தநாகத்தையும் பார்க்க வேண்டும். (மேய்ச்சலில் செம்பு போதாத ஆடுகளின் குட்டிகளுக்கு இதே மாதிரிப் பின்னங்கால் தள்ளாட்டம் வரும். கால்நடை மருத்துவர்கள் மனித மருத்துவர்களுக்கு வெகுகாலம் முன்பே இதை அறிந்திருந்தார்கள்.)

துத்தநாகத்தை நிறுத்திச் செம்பு கொடுத்தால் ரத்தம் சில வாரங்களில் திரும்பும். நரம்பு அப்படித் திரும்புவதில்லை. பெரும்பாலும் மேலும் கெடாமல் நிற்கும், சிலருக்குச் சற்று மீளும்.

பின்னர்

2010 பிப்ரவரியில் கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் துத்தநாகம் உள்ள பாலிகிரிப் கிரீம்களின் தயாரிப்பைத் தானாகவே நிறுத்திவிட்டு, துத்தநாகம் இல்லாத கலவைக்கு மாறியது. 2011 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. தயாரிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதியது. துத்தநாகம் இருப்பதை உறையில் சொல்லுங்கள், மிகைப் பயன்பாட்டின் ஆபத்தைச் சொல்லுங்கள், முடிந்தால் வேறு பொருளுக்கு மாறுங்கள் என்பது சாரம். அதுவரை சில நிறுவனங்கள் துத்தநாகத்தையோ அதன் அளவையோ உறையில் அச்சிடவில்லை.

கிரீம் பயன்படுத்தியவர்கள் தொடுத்த வழக்குகள் புளோரிடாவின் தெற்கு மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்றாகத் திரட்டப்பட்டன. ஃபிக்ஸோடென்ட் தயாரிக்கும் புரொக்டர் அண்ட் கேம்பிளுக்கு எதிரான வழக்கில், கிரீம்தான் நோய்க்குக் காரணம் என்று சொன்ன நிபுணர்களின் சாட்சியத்தை 2011-ல் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எத்தனை மி.கி., எத்தனை ஆண்டு, எத்தனை பேரில் ஒருவருக்கு என்ற கேள்விக்குச் சில நோயாளிகளின் அறிக்கைகளை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது என்பதே வாதத்தின் மையம். நீதிமன்றம் கேட்கும் அளவுகோல் வேறு, மருத்துவர் மேஜையில் எடுக்க வேண்டிய முடிவின் அளவுகோல் வேறு. தண்டுவடம் பாதித்த ஒருவரிடம் வாரத்துக்கு இரண்டு டியூப் கிரீமை நிறுத்தச் சொல்ல, தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது

வாங்கும்போது உறையில் ‘ஜிங்க் ஃப்ரீ’ என்று இருக்கிறதா பார்க்கவும். இல்லையென்றால் உட்பொருள் பட்டியலில் ஜிங்க் என்ற சொல் எந்த வடிவிலாவது, குறிப்பாகக் ‘கால்சியம்/ஜிங்க்’ என்று ஜோடியாக, இருக்கிறதா பார்க்கவும்.

கிரீம் என்றால் பல்செட்டைக் கழுவித் துடைத்து ஈரம் போக்கவும். ஒரு பல்செட்டுக்குப் பட்டாணி அளவில் மூன்று, மிஞ்சினால் நான்கு பொட்டு. மேல் பல்செட்டில் முன்னால் ஒன்று, இரண்டு பக்கமும் கடைவாய் மேட்டில் ஒவ்வொன்று, அண்ணத்தின் நடுவில் ஒன்று. கீழே முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி வைக்க வேண்டும், ஓரத்தில் வைத்தது முழுக்கப் பிதுங்கும். வாயைக் கொப்பளித்து, பல்செட்டை அழுத்தி உட்கார வைத்துச் சில விநாடி கடித்துப் பிடிக்கவும். ஐந்து நிமிடம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். ஓரத்தில் கிரீம் பிதுங்கினால் அடுத்த நாள் குறைக்கவும், பிதுங்காத அளவே சரியான அளவு. நாளைக்கு ஒரு முறைதான்.

பவுடருக்கு நேர்மாறு: பல்செட் ஈரமாக இருக்க வேண்டும். மெல்லியதாகத் தூவி, தட்டி உதிர்த்து, போடவும். வாய் வறட்சி உள்ளவர்கள் (ரத்தக் கொதிப்பு, மனச்சோர்வு, சளி மருந்துகள் பலவற்றில் வறட்சி வரும்) எந்தப் பசை போட்டாலும் முதலில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் போட வேண்டும். பசை ஊதத் தண்ணீர் வேண்டும், எச்சில் இல்லாத வாயில் அது வெறும் மெழுகாகக் கிடக்கும்.

இரவு கழற்றிய பிறகு பழைய பசை துளிகூட இருக்கக் கூடாது. நேற்றைய படலத்தின் மேல் இன்றைய படலம் ஏறினால் தடிமன் கூடும், பிடிப்பு குறையும். கூடவே அது பூஞ்சைக்கு உணவு. முதலில் உலர்ந்த துணியால் அல்லது காகிதத்தால் துடைத்து எடுக்கவும், தண்ணீர் பட்டால் ஊதி வழுக்கும். பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் மென்மையான பிரஷும். பற்பசை வேண்டாம், அக்ரிலிக்கைக் கீறும். கொதிக்கும் தண்ணீர் கூடவே கூடாது, வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்த முடியாது. ஈறில் ஒட்டியதை வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்து, ஈரத் துணியை விரலில் சுற்றித் துடைக்கலாம். அப்படியும் வராத கிரீமுக்குத் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், அதன் ஜெல்லித் தளம் எண்ணெயில்தான் இளகும். பல்செட்டை இரவில் தண்ணீரில் போட்டு வைத்து, ஈறுக்கு ஓய்வு கொடுக்கவும்.

அளவைக் கூட்டத் தோன்றும் நாள்தான் பல் மருத்துவரிடம் போக வேண்டிய நாள். அவர் பல்செட்டுக்குள் இளகிய சிலிகானை ஊற்றி வாயில் வைத்து இறுக விட்டு எடுப்பார். வெளியே வரும் அந்த மெல்லிய தோலின் தடிமன்தான் இடைவெளி. எங்கே அக்ரிலிக் தெரிகிறதோ அங்கே ஈறு நசுங்குகிறது, எங்கே தடித்திருக்கிறதோ அங்கே பசை போய்ச் சேருகிறது. ஈறு புண்ணாகியிருந்தால் முதலில் சில நாள் டிஷ்யூ கண்டிஷனர் என்ற மென்மையான உட்பூச்சைப் போட்டு ஆற விடுவார். பிறகு உட்புறத்தை மட்டும் புதுப்பிக்கும் ரீலைன். கடியும் தேய்ந்துவிட்டிருந்தால் ரீலைனில் காசைப் போடாமல் புதுப் பல்செட்டே கட்டிக்கொள்வது நல்லது. கீழ்த்தாடை மேடு முழுக்கக் கரைந்தவருக்கு எந்தப் பசையும் நெடுநாள் கைகொடுக்காது. கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு இரண்டு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து அதில் பல்செட்டைப் பொத்தான் போல மாட்டுவதையே முதல் தேர்வாக 2002-ல் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தார்கள். செலவு என்பது உண்மை. அதைச் செய்ய முடியாதவருக்கு நன்றாகப் பொருந்தும் பல்செட்டும் துத்தநாகம் இல்லாத கிரீமும்.

ஆண்டுக்கணக்கில் துத்தநாகக் கிரீமை அதிகமாகப் போட்டவர், கால் மரப்போ நடைத் தள்ளாட்டமோ காரணம் தெரியாத ரத்தசோகையோ இருந்தால், ரத்தத்தில் செம்பு, துத்தநாகம், செருலோபிளாஸ்மின் (செம்பைச் சுமக்கும் புரதம்), முழு ரத்த அணு எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லலாம். மருத்துவரிடம் போகும்போது டியூபையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். புது டியூப் திறக்கும்போது அதன் மேலேயே தேதியைப் பேனாவால் எழுதி வைத்தால் போதும். இரண்டு பல்செட்டுக்கு 68 கிராம் என்றால், அன்றிலிருந்து 49 நாளுக்குள் டியூப் காலியானதா என்று பார்ப்பதற்கு வேறு கருவி எதுவும் வேண்டாம்.